லூயி பிரெயில் சரிதம்

நம் சங்கத்து அன்பர் இல்லங்களில், இவ்விதழை ஒருவர் உரக்க வாசிக்க மற்றையோர் சூழ இருந்து கேட்பது வழக்கமென்பதை நாமறிவோம். கேட்போர்க்குச் செவி போதும். வாசிப்பவர்க்கோ கண் வேண்டும். கண்ணுடையார் ஒருவர் வந்து வாசிக்கும்வரை காத்திராமல், பார்வையிழந்தோர் தாமே வாசிக்கவும் எழுதவும், விசேஷமாகச் சங்கீதத்தை வாசிக்கவும் எழுதவும் வழிசெய்த ஒருவருடைய சரிதத்தை இம்மாதம் எழுதப் புகுந்தோம். அவர் பெயர் லூயி பிரெயில். பிரெயில் எழுத்து என்ற சொல்லைக் கேட்டிராதார் இன்று அரியர். ஆயினும் அம்மனிதர் ஒரு சங்கீத வித்துவான் என்பதும், அவ்வெழுத்து பிறந்த இடம் ஏறக்குறைய ஒரு சங்கீதப் பள்ளி என்பதும் பலர் அறியாதவை.

அவர் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னே நிகழ்ந்த ஒரு காட்சியிலிருந்து தொடங்குவோம். பிரான்சு தேசத்துத் தலைநகராகிய பாரிஸில் 1771-ஆம் ஆண்டு ஒரு சந்தை கூடிற்று. அங்கே காப்பிக்கடை வைத்திருந்த ஒருவன் கூட்டஞ் சேர்க்க ஓர் உபாயஞ் செய்தான். கண்ணற்றோர் சிலரை அழைத்துவந்து, கோமாளியுடை உடுத்தி, கூம்புத் தொப்பி கவிழ்த்து, அட்டையாற் செய்த பெரிய மூக்குக்கண்ணாடிகளை மாட்டி, கையில் வாத்தியங்களைக் கொடுத்து மேடைமேல் உட்கார வைத்தான். அவர்கள் முன்னே சங்கீதக் குறிப்பெழுதிய தாள்களை விரித்து, அவற்றைப் பார்க்க விளக்கும் வைத்தான். அவர்கள் அபஸ்வரமாக இழுக்க, ஜனங்கள் கைகொட்டிச் சிரித்தனர். உடையும் தொப்பியும் எந்தக் கோமாளிக்கும் உள்ளவை. அந்தத் தாளும் விளக்குமே இப்பரிகாசத்தின் உயிர்நிலை. எழுதிய சங்கீதத்தைப் படிக்க மாட்டாதவன் வித்துவான்கள் வரிசையில் அமரத் தகாதவன் என்பதை அவ்விரண்டும் வாய்பேசாமற் சொல்லின.

சிரித்தவர்களினிடையே சிரியாத ஒருவர் இருந்தார். அவர் வாலந்தேன் அவுயி என்னும் பன்மொழியறிஞர். கண்டது அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. கண்ணற்றோர்க்கு மெய்யாகவே நூல் படிக்கக் கற்பிப்பதென்று உறுதிகொண்டு, 1785-ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஒரு பள்ளியைப் பாரிஸில் திறந்தார். உலகிலே அவ்வகைப் பள்ளிகளில் அதுவே முதலாவது. ஈரமாக்கிய கனத்த காகிதத்தை அச்செழுத்தின்மேல் அழுத்தினால் எழுத்து மறுபுறம் புடைத்து நிற்கும். அதை விரலால் தடவிப் படிப்பதே அவர் கண்ட முறை. சங்கீதக் குறிப்பையும் அவ்வாறே புடைத்த கோடுகளாக அச்சிட்டார்.

அவர் எண்ணம் மிக உயர்ந்தது, கருவிதான் போதாது. அவ்வெழுத்துக்கள் கண்ணுக்காக வகுக்கப்பட்டவை. கண் ஒரு நொடியில் பற்றுகிற வளைவை விரல் சுற்றிச் சுற்றித் தேடவேண்டும். ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருமுன் தொடக்கம் மறந்துபோம். விரலுக்கு எட்டும்படி எழுத்தைப் பெரிதாக்கியபடியால், புத்தகம் ஒரு சிறுவனால் தூக்கமாட்டாத பாரமாயிற்று. அதை அச்சிடவும் பெருஞ்செலவு. அதனினும் பெரிய குறை, அம்முறையால் மாணவன் தன் கையால் எளிதில் ஒன்றும் எழுத முடியாது. பிறர் அச்சிட்டுத் தந்ததைத் தடவலாம். தன் மனத்திலுள்ளதைத் தாளில் இறக்க வழியில்லை.

இனி நம் கதாநாயகரிடம் வருவோம். பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் கூப்வ்ரே என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் 1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி, சிமோன் ரெனே பிரெயில் என்பவருக்கும் மோனிக் என்னும் அம்மைக்கும் நான்காவது குழந்தையாக, கடைக்குட்டியாக, லூயி பிறந்தார். தந்தையார் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைக்கும் தொழிலாளர். நேர்மைக்கும் கைத்திறத்திற்கும் பெயர்பெற்றவர். பட்டறை வீட்டோடு சேர்ந்தது. பட்டறையுள்ள வீடுகளில் குழந்தைகள் எப்படி வளரும் என்பதை நம்மவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. தந்தையின் கைக்கருவிகளே அவற்றின் விளையாட்டுப் பொம்மைகள். மூன்று வயதுக் குழந்தை ஒருநாள் குத்தூசியை எடுத்துத் தோலைக் குத்த முயல, ஊசி வழுக்கிக் கண்ணிற் பாய்ந்தது. புண் சீழ்கொண்டு மற்றைக் கண்ணையும் பற்றிற்று. அந்நாளில் அதற்கு மருந்தில்லை. ஐந்து வயதாகுமுன் இரு கண்ணும் முற்றிலும் இருண்டன.

இவ்விடத்தில் அத்தாய்தந்தையரைப் பற்றிச் சிறிது சொல்லாமற் செல்ல நமக்கு மனமில்லை. பிள்ளையை மூலையில் உட்கார வைத்து விதியை நொந்துகொண்டிருப்பது எளிது. அவர்கள் அது செய்திலர். தந்தையார் கோல் ஒன்று செய்து கொடுத்துத் தெருவில் தானே நடக்கப் பழக்கினார். பட்டறையிலும் வீட்டிலும் சிறுவேலைகளை ஏவினார். ஊர்ப் பாதிரியார் பல்லுயி சிறுவனுக்குப் பாடஞ் சொன்னார். பின்னர் ஊர்ப்பள்ளி ஆசிரியர் அவனை மற்றைப் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டார். கேட்டதை மறவாத அச்சிறுவன் வகுப்பில் முன்நின்றான். ஆனால் மற்றைப் பிள்ளைகள் புத்தகத்தை விரிக்கும்போது அவன் கை வெறுமையாக இருந்தது. பாதிரியாரும் ஊர்ப் பிரபுவும் முயன்றதன் பயனாக, 1819-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி, தன் பத்தாம் வயதில், அவன் பாரிஸ் பள்ளியிற் சேர்ந்தான்.

அப்பள்ளி அக்காலத்திருந்த கட்டடம் பழையது, ஈரம் ஊறியது, காற்றோட்டமற்றது. பிற்காலத்தில் பிரெயிலைக் கொன்ற க்ஷயரோகத்திற்கு அவ்விடமே காரணமென்று கருதுவோர் பலர். ஆயினும் அவ்விருண்ட சுவர்களுக்குள்ளே சங்கீதம் நிறைந்திருந்தது. பாரிஸ் சங்கீதக் கல்லூரியைச் சேர்ந்த ஆசிரியர்கள் வந்து கற்பித்தனர். பிரெயில் பியானோவும், செல்லோ என்னும் பெரிய பிடிலும், ஆர்கன் என்னும் பெருங்குழல் வாத்தியமும் கற்றார். ஆர்கன் நம் வீடுகளிலுள்ள கைப்பெட்டி ஆர்மோனியத்தைப் போன்றதன்று. கைகளுக்குப் பல வரிசைக் கட்டைகளும், கால்களுக்குத் தனியே ஒரு வரிசையும், கோயிற் சுவரை மறைக்கும் அளவு குழல்களும் உடையது. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர்க்கு மாதச் சம்பளமும் ஊரில் மதிப்பும் உண்டு. ஆகவே, பிச்சைப் பாத்திரத்திற்கும் மரியாதையான ஜீவனத்திற்கும் இடையே கண்ணற்ற மாணவனுக்கு இருந்த பாலம் பெரும்பாலும் சங்கீதமேயாம்.

அப்பாலத்தில் ஒரு பலகை இல்லை. மாணவர்கள் யாவற்றையும் கேட்டே கற்றனர். ஆசிரியர் ஓரடி வாசிப்பார், மாணவன் திருப்பி வாசிப்பான், அடுத்த அடி. கேள்வியாற் கற்பது நம் தேசத்திலும் பழைய முறைதானே என்று அன்பர்கள் கேட்கலாம். மெய்யே. ஆனால் எல்லாருமே கேள்வியாற் கற்கும் இடத்தில் கண்ணற்றவனுக்குக் குறைவில்லை. மற்றையோர் யாவரும் எழுத்தை நம்பியிருக்கும் இடத்தில் அவனொருவன் மட்டும் கேள்வியை நம்பியிருப்பது வேறு. ஐரோப்பிய சங்கீதத்தில் பல குரல்கள் ஏககாலத்தில் ஒலிக்கும். பெரிய உருப்படிகளில் ஆயிரக்கணக்கான ஸ்வரங்கள் எழுதியபடியே வாசிக்கப்பெற வேண்டும். ஓர் இடம் மறந்துவிட்டால் கண்ணுள்ளவன் தாளைப் பார்ப்பான். கண்ணற்றவன் வாசித்துக் காட்ட யாராவது வருவார்களா என்று காத்திருப்பான். தானே ஒரு கீதத்தை இயற்றினாலோ, அதை எழுதிக்கொள்ள இன்னொருவர் தயவு வேண்டும்.

நாமறிந்த ஒரு குடும்பத்திலே பார்வையற்ற பெண் ஒருத்தி இருந்தாள். பாட்டு வாத்தியார் சொல்வதை மற்றைப் பிள்ளைகளினும் விரைவிற் பாடம் பண்ணுவாள். ஆனால் வாத்தியார் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லும் நேரம் வந்தால், அவளைக் கூடத்து ஓரத்தில் அமர்த்திவிடுவர். வாத்தியார் வராத மாதங்களில் மற்றையோர் நோட்டைப் பார்த்துப் புதிய உருப்படிகளைப் பழகினர். அவள் பழையதையே பாடிக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவளைத் தள்ளவில்லை. ஆயினும் அவள் வெளியிலேயே இருந்தாள். பிரெயில் சரிதத்தை வாசிக்குந்தோறும் நமக்கு அக்கூடத்து ஓரம் நினைவுக்கு வருகிறது.

1821-ஆம் ஆண்டில் ஷார்ல் பார்பியே என்பவர் கண்டுபிடித்த ஒரு புதுமுறை அப்பள்ளிக்கு வந்தது. அவர் முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி. காகிதத்தில் முனையால் அழுத்திப் புடைத்த புள்ளிகளை எழுப்பி, அப்புள்ளிக் கூட்டங்களால் ஒலிகளைக் குறிப்பது அவர் முறை. ஒரு குறிக்கு இரண்டு பத்திகள். பத்திக்கு ஆறு புள்ளிகள் வரை வரும். இதைத் தடவிப் பார்த்த மாணவர்கள் திகைத்தனர். வளைகோட்டைவிடப் புள்ளியை விரல் பன்மடங்கு விரைவாக அறிந்தது! அதனோடு தாமே எழுதவும் முடிந்தது. ஆனால் குறி உயரமாயிருந்தபடியால் விரல் மேலுங் கீழும் அலைய வேண்டியிருந்தது. அது ஒலியைக் குறித்ததேயன்றிச் சொல்லின் எழுத்துக்களைக் குறிக்கவில்லை. எண்ணில்லை, நிறுத்தக்குறியில்லை, சங்கீதம் இல்லவே இல்லை.

பன்னிரண்டு வயதுப் பிரெயில் இக்குறைகளைக் கண்டான். முதியவராகிய பார்பியே சிறுவன் சொன்ன திருத்தங்களை விரும்பவில்லை என்பர். விரும்பாவிட்டாலென்ன? பள்ளி உறங்கிய பின் இரவிலும், விடுமுறையிற் கூப்வ்ரேயிலும், தோல் தைக்கும் பட்டறைக்கருகே, காகிதமும் ஊசியுமாகச் சிறுவன் உட்கார்ந்தான். அவன் கண்ணைப் பறித்த குத்தூசியும் இந்த எழுத்தூசியும் உருவில் ஏறத்தாழ ஒன்றே. 1824-ஆம் ஆண்டில், பதினைந்தாம் வயதில், தன் முறையின் அடிப்படையை முடித்துவிட்டான். பன்னிரண்டு புள்ளிகளை ஆறாகக் குறைத்தான்: இரண்டு பத்தி, பத்திக்கு மூன்று. அவ்வளவே ஒரு விரல்நுனி அசையாமல் ஒரே தொடுதலில் உணரத்தக்க அளவு. ஆறு புள்ளிகளை உள்ளும் இல்லையுமாக மாற்றி வைப்பதால் 63 குறிகள் கிடைக்கும். எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாம் அவற்றுள் அடங்கின.

1829-ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கி அவர் வெளியிட்ட சிறுநூலின் தலைப்பிலேயே, சொற்களோடு சங்கீதமும் தேவாலயப் பாட்டும் எழுதும் முறை என்று அமைத்தார். சங்கீதம் பின்னர் ஒட்டவைத்த பிற்சேர்க்கையன்று. தொடக்கத்திலேயே அவர் கருதிய பொருள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். தம்மை விரும்பாத பார்பியேயின் முறையிலிருந்தே தம் முறை பிறந்தது என்று அந்நூலில் நன்றியோடு குறிப்பிட்டுள்ளார். 1837-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் முறை மேலும் செம்மையாயிற்று.

சங்கீத எழுத்தின் நுட்பத்தைச் சற்றே விரித்துச் சொல்வோம். பாட்டுப் பழகும் நம் பிள்ளைகள் இதில் இன்பமடைவார்கள். இன்றும் வழங்கும் முறைப்படி, ஆறு புள்ளிகளில் மேலேயுள்ள நான்கும் இது எந்த ஸ்வரம் என்று சொல்லும். கீழேயுள்ள இரண்டும் அதன் கால அளவைச் சொல்லும். கீழ்ப்புள்ளி இரண்டும் இல்லையேல் அரைக்கால் அளவு. வலப்புள்ளி மட்டும் இருந்தால் கால். இடப்புள்ளி மட்டும் இருந்தால் அரை. இரண்டும் இருந்தால் முழு அளவு. ஆகவே ஸ்வரமும் காலமும் ஒரே தொடுதலில் விரலுக்கு விளங்கும். ஸ்தாயியைக் காட்ட ஸ்வரத்துக்கு முன் வலப்பத்தியில் மட்டும் புள்ளிகளுடைய ஓர் அடையாளம் வரும். நாம் மேல்ஸ்தாயிக்கு எழுத்தின்மேலும் கீழ்ஸ்தாயிக்கு எழுத்தின்கீழும் புள்ளி இடுகிறோமன்றோ, அதனோடு இது ஒப்பிடத்தக்கது. கண்ணுடைய ஐரோப்பியர் ஐந்து கோடுகளின்மேல் ஏணிபோல ஏற்றியிறக்கி எழுதுவதைப் பிரெயில் பின்பற்றவில்லை. ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்கு உதவும் சித்திரம். விரலுக்கோ நேரே செல்லும் ஒரு வரிசை போதும். நம் ஸ்வர எழுத்தும் நேர்வரிசையே என்பதால், பிரெயிலின் சங்கீத எழுத்தை விளங்கிக்கொள்வது ஐரோப்பியரினும் நமக்கு எளிதென்று தோன்றுகிறது.

இதில் ஒரு கஷ்டமும் உண்டு. விரல் தாளில் இருக்கையிற் கட்டையில் இருக்க முடியாது. பியானோக்காரர் ஒரு கையால் தடவி மறுகையால் வாசித்து, பின்பு கைமாற்றி, இரண்டையும் நினைவில் ஒன்றுசேர்க்க வேண்டும். ஆர்கன்காரர் கால்பகுதியையும் அதனோடு இணைக்க வேண்டும். எல்லாம் மனப்பாடமாகிய பின்னரே சபையில் வாசிப்பு. ஆனால் இப்பொழுது மனப்பாடஞ் செய்வது அவர் விரும்பிய நேரத்தில், அவர் விரும்பிய உருப்படியை. மறந்தால் திரும்பிப் பார்க்க அவரிடமே தாள் உண்டு. முன்னையதற்கும் இதற்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பிரெயில் 1828-இல் துணையாசிரியராகவும் 1833-இல் முழு ஆசிரியராகவும் அப்பள்ளியிலேயே அமர்ந்தார். இலக்கணம், கணக்கு, பூகோளம், சங்கீதம் யாவும் கற்பித்தார். பாரிஸில் சேன் நிக்கொலா தே ஷான் என்னும் தேவாலயத்தில் 1834 முதல் ஆர்கன் வாசித்தார். பின்னர் வேறொரு தேவாலயத்திலும் அப்பணி புரிந்தார். அவருடைய பள்ளித்தோழரும் கண்ணற்றவருமாகிய கேப்ரியல் கோத்தியே சங்கீத ஆசிரியராகவும், கீதங்கள் இயற்றுபவராகவும், மற்றொரு பெரிய தேவாலயத்தின் ஆர்கன் வித்துவானாகவும் விளங்கினார்.

அப்பள்ளியில் இன்னொருவர் கதையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். குளோடு மொந்தால் என்னும் கண்ணற்ற மாணவர், பள்ளிப் பியானோவை ஒரு தோழரோடு தாமே சுருதி சேர்க்க முயன்றார். சுருதி சேர்க்க வரும் கண்ணுள்ள தொழிலாளி, இவர்கள் வாத்தியத்தைக் கெடுக்கிறார்கள் என்று தலைவரிடம் முறையிட்டான். தலைவர் கண்டித்தார். இருவரும் உபயோகமற்ற ஒரு பழைய பியானோவை வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றி, விரலால் ஆராய்ந்து, மறுபடியும் பூட்டிச் செவ்வைப்படுத்தினர். அதைக் கண்ட தலைவர், பள்ளியின் வாத்தியங்களையே அவர்கள் பொறுப்பில் விட்டார்! மொந்தால் பின்னர் நகரில் தொழில் நடத்தி, பியானோ சுருதி சேர்க்கும் கலையைப் பற்றி 1836-இல் நூலும் எழுதினார். அதன்பின் அத்தொழில் பல தேசங்களில் கண்ணற்றோர்க்கு உரிய கௌரவமான ஜீவனமாயிற்று. சுருதி காதின் காரியம், முடுக்குவது கையின் காரியம். கண்ணுக்கு அதில் என்ன வேலை என்று முதலில் ஒருவருக்கும் தோன்றாதது வியப்பே.

மாணவர்கள் பிரெயில் எழுத்தை ஆவலோடு கைக்கொண்டனர். பள்ளித்தலைவர் பிஞ்ஞியேயும் ஆதரித்தார். ஆனால் 1840-இல் அவர் விலக்கப்பட்டு, துணைத்தலைவராயிருந்த துஃபோ என்பவர் தலைவரானார். அவர் புள்ளியெழுத்தை ஒதுக்கிவிட்டு, புடைத்த சாதாரண எழுத்தையே வேறு வடிவில் மீண்டும் புகுத்தினார். அவரைத் தீயவர் என்று நாம் சொல்லோம். அவருடைய நியாயம் இன்றும் பலர் வாயில் வருவதே. கண்ணற்றோர்க்குத் தனியெழுத்து ஒன்று ஏற்பட்டால் அவர்கள் உலகத்தினின்றும் பிரிந்துவிடுவர். எல்லாரும் படிப்பதையே அவர்களும் படிக்கட்டும். அதுவே அவர்களை நம்மோடு சேர்த்துக்கொள்வது என்பது அந்நியாயம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதற்குள்ளே ஒரு மயக்கம் உண்டு. எல்லாருக்கும் ஒரே எழுத்து என்று சொல்லி, விரலுக்குப் பொருந்தாத எழுத்தைக் கொடுப்பது, எல்லாருக்கும் ஒரே செருப்பு என்று சொல்லி ஒரே அளவைக் கொடுப்பதை ஒக்கும். அவர்கள் வேறு வாயிலால் உள்ளே வரவேண்டியிருந்தது. வாயில் வேறாயினும், சென்று சேர்ந்த கூடம் ஒன்றே. தனியெழுத்தாற் படித்த சங்கீதத்தைத்தான் கோத்தியேயும் பிரெயிலும் கண்ணுடையார் நிறைந்த தேவாலயத்தில் வாசித்தனர். கேட்டவர்க்கு அது எந்த எழுத்தில் இருந்ததென்று தெரியுமோ?

பிரிந்துபோவர் என்ற அச்சத்திற்குப் பிரெயில் வாதத்தால் விடை கூறவில்லை. 1839-இல் மற்றொரு முறையை வெளியிட்டார். அதில் கண்ணற்றவர் குறித்த இடங்களிற் புள்ளிகளை இட, அவை சாதாரண எழுத்தின் உருவாகவே அமையும். கண்ணுள்ள தாயும் தந்தையும் அதை அப்படியே வாசிக்கலாம். ஃபூக்கோ என்னும் கண்ணற்ற நண்பர் அவ்வெழுத்தை விரைவாகப் பதிக்க ஓர் இயந்திரமும் செய்தார். தமக்குள்ளே படிக்க ஓரெழுத்து, கண்ணுடையாரோடு பேச மற்றோரெழுத்து. சேர்ந்து வாழ விரும்பாதவர் செய்யும் காரியமா இது?

தடை இருந்தபோதும் மாணவர்கள் இரகசியமாகப் புள்ளி எழுதினர். பெரியவர் சிறியவர்க்குக் கற்பித்தனர். துஃபோவுக்குத் துணைவராயிருந்த குவாதே என்பவர், ஆணையிட்டும் மாறாத இவ்வழக்கத்தைக் கண்டு ஆராய்ந்து, மெல்ல மனம் மாறித் தலைவரையும் மாற்றினார். பள்ளிக்கு விசாலமான புதுக்கட்டடம் 1844 பிப்ரவரியில் சிறப்பாகத் திறக்கப்பட்டது. அவ்விழாவில் குவாதே சபையோர் முன்னே புள்ளியெழுத்தின் பெருமையை எடுத்துரைத்தார். சபையிற் சொன்னதை ஒரு குழந்தை புள்ளிகளால் எழுத, அதைக் கேளாத மற்றொரு குழந்தை வந்து விரலால் தடவித் தடையின்றி வாசித்தது. பிரெயில் அச்சபையில் இருந்தார். அவருக்கு அப்போது 35 வயது. நோய் பற்றி ஒன்பது ஆண்டுகளாயிருந்தன.

அவர் சுபாவத்தைப் பற்றி நண்பர்கள் எழுதிவைத்தவை யாவும் ஒருமுகமாக உள்ளன. அமைதியானவர், அளந்து பேசுபவர், கொடுப்பது தெரியாமற் கொடுப்பவர். 1852-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி, பள்ளியின் நோயாளர் அறையிலேயே, 43 வயது நிறைந்து இரண்டாம் நாள், உயிர் நீத்தார். அவர் அறையில் ஒரு சிறுபெட்டி இருந்தது. திறவாமல் எரித்துவிடுமாறு அவர் பணித்திருந்தார். திறந்து பார்த்தவர்கள், பிறர் அவரிடம் பட்ட கடன்களுக்கு எழுதிக் கொடுத்த சீட்டுக்களே அதில் இருந்தனவெனக் கண்டு எரித்தனராம். கூப்வ்ரேயில் தந்தையின் கல்லறைக்கருகே அடக்கஞ் செய்யப்பெற்றார்.

இரண்டு ஆண்டு சென்று, 1854-இல், பிரான்சு தேசம் அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது. இங்கிலாந்தில் நடந்தது நமக்கு அதனினும் சுவையானது. தாமஸ் ஆர்மிடேஜ் என்னும் பார்வையிழந்த மருத்துவர் 1868-இல் ஒரு சங்கம் கூட்டினார். அங்கே அப்போது பலவகைப் புடைப்பெழுத்துக்கள் வழங்கின. ஒவ்வொன்றையும் கண்ணுடைய புண்ணியவான்கள் யாரேனும் ஆதரித்தனர். எது சிறந்ததென்று தீர்மானிக்கும் குழுவில் விரலாற் படிக்கும் கண்ணற்றோர் மட்டுமே இருக்கவேண்டுமென்று ஆர்மிடேஜ் விதித்தார். அவர்கள் ஆராய்ந்து தெரிந்தது பிரெயில். பின்பு 1872-இல், அமெரிக்கரும் கண்ணற்ற சங்கீத ஆசிரியருமான கேம்பெல் என்பவரோடு சேர்ந்து, லண்டனில் கண்ணற்றோர்க்குச் சங்கீதக் கல்லூரியொன்றையும் தொடங்கினார். 1878-இல் பாரிஸில் கூடிய பலதேச மாநாடு பிரெயிலை ஆதரித்தது. 1888-இல் ஜெர்மனி தேசத்துக் கொலோன் நகரில், சங்கீதப் புள்ளியெழுத்தைப் பல தேசத்தார் பொதுவாக ஒப்புக்கொண்டனர். ஒரு தேசத்தில் எழுதிய சங்கீதத்தை மற்றொரு தேசத்துக் கண்ணற்றவர் வாசிக்க இதனால் வழியாயிற்று.

பலனைப் பெயர்களாற் காட்டுவோம். பிறவியிலேயே மிக மங்கிய பார்வையுடைய லூயி வியேர்ன் பிரெயிலின் பள்ளியிற் பயின்று, 1900 முதல் 1937 வரை பாரிஸின் தலைமைக் கோயிலாகிய நோத்ர தாமில் ஆர்கன் வித்துவானாயிருந்து, கச்சேரி செய்துகொண்டிருக்கையில் வாத்தியத்தின் முன்னேயே உயிர்விட்டார். அதே பள்ளியில் ழான் லாங்லேயும் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1945 முதல் நாற்பதாண்டுக்கு மேல் சேன்ட் குளோடில்ட் தேவாலயத்தில் வாசித்தார். ஸ்பெயின் தேசத்து வாக்கின் ரொட்ரிகோ மூன்று வயதிற் பார்வையிழந்தவர். அவர் தம் உருப்படிகளைப் பிரெயிலில் எழுதி, பின்னர் கண்ணுடைய ஒருவர்க்கு ஒவ்வொரு ஸ்வரமாகச் சொல்லி எழுதுவித்தார். 1939-இல் அவர் கிதார் வாத்தியத்துக்கு இயற்றிய அராங்குவெஸ் கீதத்தை உலகெங்கும் வாசிக்கிறார்கள்.

நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டில், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை ஏற்பட்டது. அதில் நம் அகரத்துக்கு மேல் இடப்புறத்துப் புள்ளி ஒன்றே அடையாளம். கூப்வ்ரேச் சிறுவன் தன் நெடுங்கணக்கின் முதலெழுத்துக்கு வைத்த புள்ளியும் அதுவே.

அவர் இறந்து நூறாண்டு நிறைந்த 1952-இல், பிரான்சு தேசத்தார் அவருடலைக் கூப்வ்ரேயிலிருந்து எடுத்து, தம் பெரியோர்களை அடக்கஞ் செய்யும் பாரிஸ் பாந்தியோனுக்குக் கொண்டுசென்றனர். ஊரார் வேண்டுகோட்படி அவர் கைகளின் எலும்புகள் மட்டும் கூப்வ்ரேயில் வைக்கப்பட்டன. பிறந்த வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது. தந்தையின் பட்டறையை அங்கே காணலாம்.